23 வேலைகளும் எழுதப்படாத 24-வதும்

2006 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரத்துப் பொது நூலகம் தன் ஊழியர்களுக்காக ஒரு பாடத்திட்டம் போட்டது. வகுப்பறை கிடையாது, வாத்தியார் கிடையாது, பரீட்சையும் கிடையாது. ஒரு இணையப் பக்கத்தில் 23 வேலைகளின் பட்டியல், முடிக்க ஒன்பது வாரம், அவ்வளவுதான். முடித்தவர்களுக்கு ஆளுக்கொரு எம்பி3 பிளேயர். கூடவே ஒரு லேப்டாப்புக்குக் குலுக்கல். திட்டத்தின் பெயர் 'லேர்னிங் 2.0'. ஆனால் நூலக உலகம் அதை '23 திங்ஸ்' என்றுதான் ஞாபகம் வைத்திருக்கிறது.

நான் நூலகர் இல்லை. பிஇ முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கும் மேலாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். நூலகர்கள் கணினியோடு எப்படிப் பழகினார்கள் என்பது நான் கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்து வரும் விஷயங்களில் ஒன்று. அந்த வரிசையில் இந்தப் பட்டியலை ஒரு புத்தகம் மாதிரி எடுத்துப் படித்து, எது தேறுது, எது தேறலை என்று பார்க்கப் போகிறேன்.

இருபது வருஷத்துப் பழங்கதை இப்ப எதுக்கு? இன்றைக்கு ஏஐ கருவிகளைச் சொல்லித்தர நூலகங்களும் கல்லூரிகளும் கம்பெனிகளும் நடத்துகிற பயிற்சிகளைக் கவனியுங்கள். நிறைய பயிற்சிகள் இதே அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. கணக்குத் தொடங்கு, விளையாடிப் பார், அனுபவத்தை எழுது, அடுத்ததுக்குப் போ. அச்சில் ஒரு ஓட்டை இருந்தால் வார்ப்பிலும் அது வரும். அந்த ஓட்டையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆனால் அதுக்கு முன்னால் அச்சு எவ்வளவு நல்ல அச்சு என்று சொல்லிவிட வேண்டும்.

பட்டியல் வந்த கதை

2004-க்கும் 2006-க்கும் நடுவில் இணையத்தின் சுபாவமே மாறிப்போனது. அதுவரைக்கும் வெப்சைட் என்றால் யாரோ எழுதுவார்கள், நாம் படிப்போம். பிளாக், விக்கி, ஃபிளிக்கர் எல்லாம் வந்தபிறகு படிக்கிறவரே எழுத ஆரம்பித்தார், படம் ஏற்றினார், அடுத்தவர் ஏற்றியதுக்குப் பெயர் சூட்டினார். டிம் ஓரெய்லி 2005-ல் 'வெப் 2.0' என்றால் என்ன என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். அதே வருஷம் மைக்கேல் கேசி என்ற அமெரிக்க நூலகர் தன் பிளாகில் 'லைப்ரரி 2.0' என்ற சொல்லைப் புழக்கத்துக்கு விட்டார்.

இதில் நூலகருக்கு மட்டும் ஒரு தனிச் சங்கடம் உண்டு. அமெரிக்கப் பொது நூலகம் என்பது புத்தகம் கொடுக்கிற இடம் மட்டும் இல்லை. வீட்டில் கணினி இல்லாதவர்கள் இணையத்துக்காக வந்து உட்காருகிற இடமும் அதுதான். அங்கே வருகிறவர் எதைக் கேட்டாலும் பதில் சொல்லியோ, பதில் கிடைக்கும் இடத்தைக் காட்டியோ பழகியவர் நூலகர். அப்படிப்பட்டவரிடம் ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்து ஃபிளிக்கரில் படம் எப்படி ஏத்துறது என்று கேட்கிறான். தெரியாது. பையனுக்குப் பாதி தெரியும், இவருக்கு அதுவும் தெரியாது. முப்பது வருஷ சர்வீஸ் போட்டவருக்கு அந்த ஒரு நிமிஷம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2006-ன் தொடக்கத்தில் ஸ்டீபன் ஏப்ரம் என்ற கனடா நூலகர் ஒரு தொழில்முறைப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். தகவல் துறையில் இருப்பவர்கள் இந்த வருஷம் செய்து பார்க்க வேண்டிய 43 விஷயங்கள் என்று ஒரு பட்டியல். அப்போது பிரபலமாக இருந்த '43 திங்ஸ்' என்ற தளத்தின் பெயரை ஒட்டிய எண் அது. சார்லட் நூலகத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஹெலீன் பிளோவர்ஸ் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு, 43-ஐ 23 ஆக்கி, வாரவாரம் செய்கிற வேலைகளாகப் பிரித்தார்.

முதல் வேலை, திட்டத்தைப் பற்றிப் படிப்பது. இரண்டாவது, வாழ்நாள் முழுக்கக் கற்பவர்களின் பழக்கங்கள் என்னென்ன என்று தெரிந்துகொள்வது. மூன்றாவதில் சொந்த பிளாக் தொடங்க வேண்டும், நாலாவதில் அதைத் திட்டத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் ஃபிளிக்கர். எட்டாவதில் ஆர்எஸ்எஸ், அதைப் படிக்க பிளாக்லைன்ஸ். பதினொன்றில் லைப்ரரிதிங், பன்னிரண்டில் சொந்தத் தேடுபொறி செய்துகொள்ள ரோலியோ, பதின்மூன்றில் டேக் போடுவதும் டெலிஷியஸும், பதினான்கில் டெக்னோராட்டி. பிறகு விக்கி, இணையத்திலேயே ஆவணம் எழுதும் கருவிகள், யூடியூப், பாட்காஸ்ட், நெட்லைப்ரரியில் ஒலிநூல். கடைசி வேலை, அதாவது இருபத்து மூன்றாவது: என்ன கற்றுக்கொண்டாய் என்று உன் பிளாகில் எழுது.

எது தேறியது

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு கருவிப் பட்டியல். இரண்டாவது வேலையைக் கொஞ்சம் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும். எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன்னாலேயே, நீ எப்படிக் கற்கிறாய், எது உனக்குச் சுலபம், எது கஷ்டம் என்று யோசிக்கச் சொல்கிறது. அந்தப் பழக்கங்களின் பட்டியலில் 'விளையாடு' என்பதும் ஒன்று. பொது நூலகத்தில், வேலை நேரத்தில், மேலதிகாரியே விளையாடச் சொல்கிறார்! நம்ம ஊர் ஆபீஸ் எதிலாவது இப்படி ஒரு சுற்றறிக்கை வந்தால் எத்தனை பேர் நம்புவார்கள்?

என் கணக்கில் திட்டத்தின் உண்மையான சரக்கு அந்த அனுமதிதான். நாற்பது ஐம்பது வயதில் புதுசாக ஒன்றைக் கற்பவருக்கு மூளை ஒத்துழைக்காமல் போவதில்லை. தப்பாக எதையாவது அழுத்தி, நாலு பேர் முன்னால் அசிங்கப்பட்டுவிடுவோமோ என்ற பயம்தான் காலைக் கட்டுகிறது. மென்பொருள் பயிற்சி கொடுக்கும்போது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது. புத்திசாலியான ஆட்கள்தான் மௌஸைத் தொட ரொம்பத் தயங்குவார்கள். அவர்களிடம் இழக்க ஒரு மரியாதை இருக்கிறது.

பிளோவர்ஸ் இந்தப் பயத்துக்கு மூன்று வழியில் மருந்து வைத்தார். ஒன்று, பிளாகை அவரவர் பெயரில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புனைபெயர் போதும். இரண்டு, சொல்லித்தரத் தனி ஆள் இல்லாததால் பக்கத்து மேசைக்காரரிடம்தான் கேட்டாக வேண்டும். அவருக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். ரெண்டு பேருக்கும் தெரியாத இடத்தில் கூச்சம் தானாகவே குறைந்துவிடும். மூன்று, பத்தாவது வேலை: நாம் சொல்லும் எழுத்தைப் பலகையிலோ பத்திரிகை அட்டையிலோ பொறித்துக் காட்டுகிற, விளையாட்டுப் படம் செய்யும் தளங்களைப் போய்ப் பார்ப்பது. நூலகத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பாதி வழியில் மூச்சு வாங்க ஒரு திண்ணை மாதிரி அது இருக்கிறது. பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் பொதுவாக வெட்டி எறிகிற பகுதி இது. எறியாமல் வைத்ததற்காகவே அவரைப் பாராட்டுவேன்.

எம்பி3 பிளேயரைப் பற்றி ஒரு வார்த்தை. பரிசு கொடுத்துப் படிக்க வைப்பது கற்றல் இல்லை, லஞ்சம் என்று ஒருவர் வாதாடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தப் பரிசே பாடத்தின் தொடர்ச்சி. பாட்காஸ்டும் ஒலிநூலும் பட்டியலில் இருக்கின்றன, அதைப் போட்டுக் கேட்க ஒரு கருவி கையில் வேண்டும். தையல் கற்றவளுக்குத் தையல் மெஷின் கொடுப்பது மாதிரிதான்.

இன்னொரு நல்ல காரியம், முழுத் திட்டத்தையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்து வைத்தது. எந்த நூலகமும் எடுத்து, தன் ஊருக்கு ஏற்ப மாற்றி நடத்திக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பக்கத்து யாரா பிளென்ட்டி வட்டார நூலகம் முதலில் எடுத்தவர்களில் ஒன்று. 2010-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகர்கள் தங்களுக்கென்று ஒன்று செய்தார்கள். அப்படியே நாடு நாடாகப் பரவி, நூற்றுக்கணக்கான நூலகங்களில் இதன் ஏதோ ஒரு வடிவம் நடந்தது. ஒரு நகர நூலகத்தின் உள்பயிற்சி இந்த அளவுக்குப் பரவியது சாதாரணம் இல்லை.

நமக்கு ஒரு சின்ன சந்தோஷமும் இதில் இருக்கிறது. பதினெட்டாவது வேலையில், இணையத்திலேயே ஆவணம் எழுதிப் பார்க்க அறிமுகமான கருவிகளில் ஒன்று சோஹோ ரைட்டர். அப்போது அட்வென்ட்நெட் என்ற பெயரில் சென்னையில் இயங்கிய கம்பெனியின் சரக்கு. கரோலினாவில் ஒரு நூலகர் முதன்முதலாக பிரவுசரிலேயே ஒரு கடிதம் அடித்துப் பார்த்தபோது, அந்தத் திரைக்குப் பின்னால் நம்ம ஊர்ப் பொறியாளர்களின் வேலை இருந்தது. பட்டியலில் இன்றைக்கும் திடமாக நிற்கும் பெயர்களில் அதுவும் ஒன்று.

மற்றவை என்ன ஆயின

பிளாக்லைன்ஸை மூடப்போகிறோம் என்று 2010-ல் அறிவித்தார்கள். கடைசி நேரத்தில் வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டது, ஆனால் பழைய செல்வாக்கு திரும்பவில்லை. அங்கிருந்து கூகிள் ரீடருக்குக் குடிபோனவர்களுக்கு 2013 ஜூலையில் அதுவும் மூடப்பட்டது. டெக்னோராட்டி பிளாக் தேடலைக் கைவிட்டு விளம்பரத் தொழில் பக்கம் ஒதுங்கியது. ரோலியோ இருந்த சுவடு இல்லை. நெட்லைப்ரரி 2010-ல் கை மாறி, அப்புறம் அந்தப் பெயரே போய்விட்டது.

டெலிஷியஸின் கதை இன்னும் பரிதாபம். 2005 கடைசியில் யாஹூ வாங்கியது. 2011-ல் யூடியூபைத் தொடங்கிய ஆட்களுக்கு விற்றது. அப்புறமும் சில கை மாறி, 2017-ல் அதன் போட்டியாளரான பின்போர்டு வாங்கி, புதுசாக எதுவும் சேர்க்க முடியாதபடி நிறுத்தி வைத்தது. ஃபிளிக்கரும் யாஹூவிடம் இருந்து 2018-ல் ஸ்மக்மக் என்ற கம்பெனிக்குப் போனது. இலவசக் கணக்கில் 1000 படம்தான், மிச்சம் அழிக்கப்படும் என்று அந்த வருஷக் கடைசியில் அறிவிப்பு வந்தது. யூடியூப் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சார்லட்காரர்கள் ஒன்பது வாரத்தை முடித்த அதே அக்டோபரில்தான் கூகிள் அதை 165 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பாடம் படித்து முடிப்பதற்குள் பாடப்பொருளின் முதலாளி மாறிவிட்டார்.

இதை வைத்து, பாதிக் கருவி செத்துப் போச்சு, அதனால் படிச்சதெல்லாம் வீண் என்று விமர்சனம் பண்ணுவது சுலபம். அது நியாயமும் இல்லை. சைக்கிள் கற்ற சைக்கிள் துருப்பிடித்துப் போனால் ஓட்டத் தெரிந்தது போய்விடுமா? டெலிஷியஸில் டேக் போடக் கற்றவருக்கு அடுத்து வந்த எந்தத் தளத்திலும் டேக் புதுசாக இருந்திருக்காது.

என் குறை வேறு. பட்டியலில் உள்ள வினைச்சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பாருங்கள். படி, தொடங்கு, பதிவு செய், சுற்றிப் பார், சேர், எழுது, கண்டுபிடி. எல்லாமே உள்ளே நுழைகிற வினைகள். வெளியே எடு, நகல் வை, மூடு, திரும்பக் கொண்டுவா என்று ஒன்றுகூட இல்லை. எங்கள் தொழிலில் புதுசாக ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அனுபவசாலி யாராவது ஒருவர் மூலையில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பார்: நாளைக்கு இது வேண்டாம்னா நம்ம டேட்டாவை எப்படி வெளியே எடுக்கிறது? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் கையெழுத்துப் போட்ட கம்பெனிகள் பிற்பாடு படுகிற பாடு எனக்கு நன்றாகத் தெரியும். டேட்டாவைப் பெயர்த்து எடுக்கிற அந்த வேலையிலேயே பல வருஷம் சோறு தின்றிருக்கிறேன்.

அந்தக் கேள்வியை நூலகருக்கு ஒரு சாஃப்ட்வேர்காரன் சொல்லித்தர வேண்டியதே இல்லை. உலகத்தில் அதை முதலில் கேட்டவர்களே அவர்கள்தான். ஒரு நூலகத்துக்குள் புத்தகம் வந்தால் அக்சஷன் ரிஜிஸ்டரில் எண் விழும். யார் கொடுத்தது, என்ன விலை, எந்தத் தேதி எல்லாம் பதிவாகும். அந்தப் புத்தகத்தைக் கழிக்க வேண்டும் என்றால் அதுக்கும் ஒரு விதி உண்டு, ஒரு பதிவு உண்டு. வந்ததுக்கும் போனதுக்கும் கணக்கு இல்லாத பொருள் நூலகத்தில் இருக்கக்கூடாது. அப்படிப் பழகிய ஒருவரை உட்கார வைத்து, அடுத்தவன் சர்வரில் படங்களையும் குறிப்புகளையும் போடச் சொல்கிறோம். வெளியே வரும் வழியைப் பற்றி மூச்சு விடவில்லை.

இதுதான் அந்த ஓட்டை என்று நினைக்கிறேன். பாடத்திட்டம் நூலகரைச் சுத்தமாக ஒன்றும் தெரியாத மாணவராக வைத்துக்கொண்டது. பயம் போக அது உதவியது, சரி. ஆனால் அவர் தன் தொழிலில் சேர்த்து வைத்திருந்த அறிவைச் செருப்பு மாதிரி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவேண்டி இருந்தது.

டேக் பாடம் ஒரு உதாரணம்

பதின்மூன்றாவது வேலையை எடுத்துக்கொள்வோம். நூலகத்தின் பொருள் தலைப்புகளுக்குக் கறாரான விதிகள் உண்டு, டேக்குக்கு அதெல்லாம் கிடையாது, யார் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் போடலாம் என்ற ஒப்பீடு அங்கே வருகிறது. விதி இல்லாததே ஒரு சுதந்திரம் என்பது தொனி. அந்த வருஷங்களின் பொது மனநிலை அது.

சுதந்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் 'சென்னை' என்று டேக் போடுகிறார், இன்னொருவர் 'மெட்ராஸ்' என்கிறார். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. 'பொங்கல்' என்று தேடினால் கரும்பு கட்டின வாசல் படமும் வரும், மிளகு மிதக்கிற தட்டுப் படமும் வரும். ஒரே பொருளுக்குப் பல சொல், ஒரே சொல்லுக்குப் பல பொருள். இந்த இரண்டு சிக்கலோடும் நூலகர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக மல்லுக்கட்டி வருகிறார்கள்.

இந்த இடத்தில் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் ஞாபகத்துக்கு வராமல் இருப்பாரா? சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூலக வேலையை லண்டனுக்குப் போய்த்தான் கற்றார். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, குழந்தை மாதிரி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஆனால் கணக்கை வாசலில் கழற்றி வைக்கவில்லை. ஒரு கடையில் பார்த்த மெக்கானோ பொம்மையும் கணக்குப் புத்தியும் சேர்ந்து 1933-ல் கோலன் பகுப்பு முறையாக வந்தது. ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் திணிக்காமல், அதன் பொருளை முகம் முகமாகப் பிரித்து, இடையில் குறி போட்டுக் கோக்கிற முறை. இன்று ஆன்லைன் கடையில் விலை, நிறம், பிராண்டு என்று பக்கவாட்டில் சலித்தெடுக்கிறோமே, அதன் அடியில் இருக்கும் யோசனையும் அதேதான்.

டெலிஷியஸ் பாடத்தில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்: உன் வகைப்படுத்தும் அறிவை வைத்து இந்த டேக் முறையில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்து எழுது. அந்த ஒரு வரியில் மாணவர் பாதி வாத்தியாராகி இருப்பார். வலைத்தளம் கட்டியவர்களுக்கும் நூலகர்களிடம் கற்க ஏதோ இருக்கிறது என்று இரண்டு பக்கமும் தெரிந்திருக்கும்.

பிழைத்தவை சொல்லும் பாடம்

பட்டியலில் எது பிழைத்தது என்று பார்த்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம். பிளாக்லைன்ஸ் போனாலும் ஆர்எஸ்எஸ் போகவில்லை. இன்றைக்கும் பாட்காஸ்ட் உலகம் ஆர்எஸ்எஸ் ஓடையில்தான் ஓடுகிறது. தமிழில் எழுதியவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டாம். 2004-ல் வந்த தமிழ்மணம் திரட்டி, ஓடைகளைச் சேர்த்துத்தான் நம்மை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்தது. ஒரு கம்பெனியின் சொத்தாக இல்லாத, யாரும் எழுதலாம் யாரும் படிக்கலாம் என்ற வடிவம் அது. பிளாக்லைன்ஸில் இருந்து உங்கள் ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் என்ற சின்னக் கோப்பாக இறக்கிக்கொண்டு, வேறு வாசிப்பானில் ஏற்றிவிட்டு நடையைக் கட்டலாம். எட்டாவது வேலையில் அதையும் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை.

லைப்ரரிதிங் இன்னொரு நல்ல உதாரணம். 2005-ல் தொடங்கிய இந்தத் தளம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரு புத்தகத்தின் பெயரை அடித்தால் விவரம் முழுக்க வந்து விழும். எங்கிருந்து? அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் போன்ற பெரிய நூலகங்களின் கேட்டலாகிலிருந்து, இசட்39.50 என்ற நெறிமுறை வழியாக. அங்கிருக்கும் பதிவுகள் மார்க் வடிவத்தில் இருப்பவை, 1960-களில் ஹென்ரியட் ஆவ்ரம் முன்னின்று உருவாக்கியது. அதாவது வெப் 2.0-ன் அந்தச் செல்லப்பிள்ளை நின்றுகொண்டிருந்தது நூலகர்கள் நாற்பது வருஷம் முன்னால் போட்ட அஸ்திவாரத்தின்மேல். பதினொன்றாவது வேலையைச் செய்த எத்தனை பேர் 'இது எங்க வீட்டுக் கல்' என்று பெருமைப்பட்டிருப்பார்கள்? நீங்கள் சேர்த்த பட்டியலைக் கோப்பாக இறக்கிக்கொள்ளவும் அந்தத் தளம் வழி வைத்திருக்கிறது.

மூன்றாவது உதாரணம் ஃபிளிக்கரே. 2008 ஜனவரியில் காங்கிரஸ் நூலகம் மூவாயிரத்துச் சொச்சம் பழைய படங்களை ஃபிளிக்கரில் ஏற்றி, பார்க்கிறவர்கள் விவரம் சேர்க்கட்டும் என்று விட்டது. ஜனங்கள் டேக் போட்டார்கள். இது இன்ன தெரு, இவர் இன்னார் என்று எழுதினார்கள். அப்படிக் கிடைத்த தகவலைச் சரிபார்த்து, வந்த முதல் வருஷத்திலேயே 500-க்கும் மேற்பட்ட பதிவுகளைத் தன் சொந்தக் கேட்டலாகில் திருத்திக்கொண்டது நூலகம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூலம் நூலகத்திடம், நகல்தான் ஃபிளிக்கரிடம். ஜனங்கள் கொடுத்ததும் வீடு திரும்பிவிட்டது. நாளைக்கே ஃபிளிக்கர் மூடினாலும் அந்தத் திருத்தங்கள் போகாது. இது நூலகர் நூலகராகவே இருந்துகொண்டு புதுக் கருவியைக் கையாண்ட விதம்.

அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்கும் தோன்றவில்லை என்று சமாதானம் சொல்லவும் முடியாது. நகல்கள் நிறைய இருந்தால்தான் எதுவும் தப்பும் என்ற எண்ணத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் 'லாக்ஸ்' என்ற திட்டத்தை 1999-லேயே தொடங்கிவிட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996-லிருந்து இருக்கிறது. நூலகங்களே தங்களுக்கு வேண்டிய இணையப் பக்கங்களைச் சேமித்துக்கொள்ள அவர்கள் 'ஆர்க்கைவ்-இட்' சேவையைக் கொண்டுவந்ததும் 2006-ல்தான். சார்லட் பட்டியல் வந்த அதே வருஷம்! இருபத்து மூன்றில் ஒரு இடம் அதுக்குக் கிடைத்திருக்கலாம்.

ஒரு எதிர்வாதம்

நியாயமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. பயத்தைப் போக்கத்தான் இந்தத் திட்டம். முதல் வாரமே டேட்டா உரிமை, கம்பெனி திவால், கோப்பு வடிவம் என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் பிளாகே தொடங்கியிருக்க மாட்டார்கள். நீச்சல் கற்றுத்தரும்போது மூழ்கிச் செத்தவர் கதையைச் சொல்லுவார்களா?

ஒத்துக்கொள்கிறேன். முதல் வாரத்தில் வேண்டாம். ஆனால் நீச்சல் கற்றுக்கொடுப்பவர் கடைசி நாளைக்குள்ளாவது கரையேறச் சொல்லித்தருவார் அல்லவா? பின்னால் வந்த வடிவங்கள் இதை ஓரளவு புரிந்துகொண்டன. 2011-ல் பிரிட்டிஷ் நூலகர்கள் நடத்திய 'சிபிடி23', கருவியைக் குறைத்துத் தொழில் வாழ்க்கையைப் பற்றி யோசிக்க வைத்தது. 2016-ல் எடின்பரோ பல்கலைக்கழகம் செய்த வடிவம், இணையத்தில் நம் தடயம், பாதுகாப்பு போன்றவற்றை ஆரம்ப வாரங்களிலேயே வைத்தது. ஆட்கள் பயந்து ஓடிவிடவில்லை. பெரியவர்களைப் பெரியவர்களாக நடத்தினால் அவர்கள் தாங்கிக்கொள்வார்கள்.

அதனால் என் பங்குக்கு இருபத்து நாலாவது வேலையை எழுதிப் பார்த்தேன். இப்படி:

இந்த ஒன்பது வாரத்தில் நீ கணக்குத் தொடங்கிய தளங்களின் பட்டியலை ஒரு தாளில் எழுது. ஒவ்வொன்றிலிருந்தும் நீ போட்டதைத் திரும்ப இறக்கிப் பார். கோப்பு கிடைத்தால் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திற. என்ன வந்திருக்கிறது, என்ன வரவில்லை என்று பார். படம் இருக்கிறதா? அடுத்தவர்கள் எழுதிய பின்னூட்டம் இருக்கிறதா? தேதி இருக்கிறதா? இறக்க வழியே இல்லை என்றால், இல்லை என்று எழுதி வை, அதுவும் விடைதான். கடைசியாக ஒரு கணக்கை மூடிப் பார். மூடுவதற்கு எத்தனை நிமிஷம் ஆச்சு, தொடங்க எத்தனை நிமிஷம் ஆச்சு?

இதுக்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். விளையாட்டாகவே செய்யலாம், பிளோவர்ஸ் விரும்பிய அதே மாதிரி. செய்து முடித்த நூலகர் அடுத்து எந்தக் கருவி வந்தாலும் கவுண்டரில் நிற்கிற பையனுக்குப் படம் ஏற்றக் காட்டுவார். கூடவே, மூலத்தை வீட்டுல ஒரு நகல் வச்சுக்கோப்பா என்றும் சொல்லுவார். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல நூலகரைவிடப் பொருத்தமான ஆள் ஊரில் யாரும் இல்லை.

கடைசியாக ஒரு வேடிக்கை. பட்டியலில் இருந்த கருவிகள் பல செத்துப்போக, பட்டியல் மட்டும் பிழைத்திருக்கிறது. காரணம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்துவிட்டதால் நாடு நாடாக அதுக்கு நகல்கள் முளைத்தன. பாடத்தில் எழுதாமல் விட்டதை, பாடத்தைப் பரப்பிய முறையில் பிளோவர்ஸும் அவர் நூலகமும் செய்தே காட்டிவிட்டார்கள். இன்று ஏஐ பயிற்சிக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கும் நூலகர் யாராவது இதைப் படித்தால், எத்தனை வேலை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போட்டதை வெளியே எடுக்கிற வேலை ஒன்றை மட்டும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். அப்படியே அந்த டேக் பாடத்தில் சொன்ன வரியையும்: உன் தொழில் அறிவை வைத்து இந்தக் கருவியில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்து எழுது.